ஒரே டேக்… ஓகே! ‘ஒன் ஷாட்’ போடீனைத் தெரியுமா?

ஒரே மனிதர், 170-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள்! ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் போடீன் (1892–1970) பற்றி இதெல்லாம் தெரியுமா?

★ 1909-ல் நியூயார்க்கின் பயோகிராஃப் படக் கம்பெனியில் எடுபிடிப் பையனாக நுழைந்தார். அப்போது அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அமெரிக்க சினிமாவின் முன்னோடி இயக்குநர், சாட்சாத் டி.டபிள்யூ. கிரிஃபித்!

★ ‘ஒன் ஷாட்’ என்றதும், மட்டமான படத்துக்குத்தான் லாயக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பேசாப்படக் காலத்தின் சூப்பர் ஸ்டார் மேரி பிக்ஃபோர்டையே இயக்கியவர் இவர். ‘லிட்டில் ஆனி ரூனி’ (1925) படத்தில் தெருவில் சண்டை போடும் வாண்டாக வரும் மேரிக்கு அப்போது வயது 33. இயக்குநருக்கும் அதே 33!

★ 1930-களின் நடுவே இங்கிலாந்து போய், அந்நாட்டு நகைச்சுவை நடிகர் வில் ஹேயின் காமெடிப் படங்களை எடுத்தார். 1937-ல் திரும்பினால், பெரிய ஸ்டுடியோக்கள் கண்டுகொள்ளவில்லை. போய்ச் சேர்ந்த இடம் ‘பாவர்ட்டி ரோ’. சில்லறைக் காசில் படமெடுக்கும் குட்டிக் கம்பெனிகளுக்கு ஹாலிவுட் வைத்த கேலிப்பெயர் அது!

★ அங்கே பிலிமும் காசு, நேரமும் காசு. நடிகர் கொஞ்சம் தடுமாறினாலும் ரீடேக் கிடையாது, அடுத்த ஷாட்டுக்குத் தாவிவிடுவார் என்பார்கள். ‘ஒன் ஷாட்’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது!

★ ‘தி ஏப் மேன்’ (1943) படத்தில் திகில் பட நடிகர் பேலா லுகோசி பாதி மனிதன், பாதிக் குரங்கு! படம் முழுக்க ஒரு விசித்திர ஆசாமி காரணமே இல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். யாரடா இவன்? கடைசியில் அவனே சொல்கிறான், ‘கதையை எழுதியதே நான்தான்’ என்று!

★ 1966-ல், 74 வயதில், இரண்டு படங்கள் ஜோடியாக ரிலீஸ்! ஒன்றில் அமெரிக்கக் கொள்ளையன் பில்லி த கிட் டிராகுலாவோடு மோதுகிறான். நிஜ பில்லி செத்தது 1881-ல். டிராகுலா நாவல் வந்ததோ 1897-ல்! இன்னொன்றின் பெயர் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ் மீட்ஸ் ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் டாட்டர்’. தலைப்பில் மகள், கதைக்குள் போனால் அந்தப் பெண் பேத்தி!

★ டி.வி.யையும் விடவில்லை. ‘லாஸி’ என்ற நாயின் சாகசத் தொடரில் ஏராளமான எபிசோடுகள் இவர் கைவண்ணம்!

★ உச்சக்கட்டம் இதுதான். 1945-ல் வெளியான ‘மாம் அண்ட் டாட்’ ஆறே நாளில் எடுத்த பாலியல் விழிப்புணர்வுப் படம். ஆண்களுக்குத் தனிக் காட்சி, பெண்களுக்குத் தனிக் காட்சி! தியேட்டரில் நர்ஸ் உடையில் பெண்கள்! நடுவே ‘எலியட் ஃபோர்ப்ஸ்’ என்ற நிபுணர் மேடையேறிப் பேசுவார், புத்தகமும் விற்பார். ஒரே நேரத்தில் பல ஊர்களில் அவர் எப்படிப் பேசினார்? அப்படி ஒருவர் இல்லவே இல்லை. ஊருக்கு ஒரு ஆளை அந்தப் பெயரில் அனுப்பினார் தயாரிப்பாளர் க்ரோகர் பாப்!

அந்த ஆறு நாள் படம் 2005-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. மாபெரும் கிளாசிக் படமான ‘சிட்டிசன் கேன்’ இருக்கும் அதே பட்டியலில்!