ஐம்பதில் பாரம்பரியம், இருபதில் பழைய இரும்பு: பத்மினி கார் சொல்லும் பாடம்

சயான் (மும்பை): சயான் ரயில் நிலையத்தின் மேற்குப் புறத்தில் தொடங்கும் லால்பகதூர் சாஸ்திரி சாலை, தாராவியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு குர்லாவை நோக்கிச் செல்கிறது. இந்தச் சாலையில் உள்ள குர்லாவில்தான் வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. இத்தாலியின் பியட் 1100 கார் இங்கு உருவானது. அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. இன்று அந்த ஆலை இல்லை. அங்கு உருவான கார்களில் எவை எஞ்சும், எவை அழியும் என்பதை இப்போது அரசின் விதிகள் தீர்மானிக்கின்றன.

ஓடுதளத்தில் பிறந்த பந்தயம்

கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் சீறிப்பாயும் பந்தயத்தை ‘டிராக் ரேசிங்’ என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க விமான ஓடுதளங்களில் இது வளர்ந்தது. பழைய கார்களை வாங்கித் தங்கள் கையாலேயே மாற்றியமைத்த சாமானிய இளைஞர்களே இதை வளர்த்தவர்கள்.

இந்தியாவிலும் கார் பந்தயத்தின் கதை ஓடுதளத்தில்தான் தொடங்குகிறது. மும்பையில் ஜுஹு விமானத் தளத்திலும், சென்னைக்கு வடக்கே போர்க்கால ஓடுதளமான சோழவரத்திலும் பந்தயங்கள் நடந்தன. 1953-இல் தொடங்கிய சோழவரம் பந்தயங்கள், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும் வரையில் தென்னிந்தியாவின் பெருவிழாவாக விளங்கின. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்ய வசதி படைத்தோர் மிகச் சிலரே. மற்றவர்களுக்குக் கிடைத்தது சாலையில் ஓடிய பியட்தான்.

1,089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் சுமார் 40 குதிரைத்திறனும் கொண்ட சிறிய என்ஜின் அது. ஆனால் என்ஜின் முன்புறம், இயக்கம் பின்சக்கரங்களில் என்பது அதன் அமைப்பு. கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து, இயங்கும் சக்கரங்களைத் தரையில் அழுத்தும். நேர்கோட்டுப் பந்தயத்துக்கு வேண்டிய அடிப்படைக் குணம் இது. எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, சிலிண்டர் தலையைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டினால், குடும்பக் கார் பந்தயக் காராகிவிடும். பட்டறைத் தொழிலாளியின் கைத்திறனே இதற்கான மூலதனம்.

உடைந்ததில் இருந்து உயிர் பெறுவது

பந்தயக் காராயினும் வீட்டுக் காராயினும், பழைய பியட்டை மீட்டெடுக்கும் முறை ஒன்றே. காரை முழுவதும் கழற்றி வெறும் கூடாக்குகிறார்கள். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்கிறார்கள். டிங்கர் வேலைக்காரர் நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவருகிறார். தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துகிறார்கள்.

உதிரிப்பாகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. புதிதாகத் தயாரிக்கப்படாத பாகங்களைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேட வேண்டும். சயானுக்கு அருகே குர்லாவின் சி.எஸ்.டி. சாலை இத்தகைய கடைகளுக்குப் பெயர் பெற்றது. உடைக்கப்பட்ட கார்களின் உறுப்புகளைக் கொண்டே மற்றொரு காருக்கு உயிர் தருகிறார்கள்.

நான்கு வாரங்களில் இரண்டு அறிவிப்புகள்

மும்பையில் கருப்பு–மஞ்சள் டாக்சி என்றாலே பல்லாண்டுக் காலம் பத்மினிதான். 1990-களில் நகரில் ஓடிய டாக்சிகள் 60,000-க்கும் அதிகம். உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. டாக்சிகளுக்கு 2008-இல் 25 ஆண்டு, 2013-இல் 20 ஆண்டு என மகாராஷ்டிர அரசு வயது வரம்பு விதித்தது. 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சியின் ஆயுள் 2023 அக்டோபர் 29-உடன் முடிந்தது. ஒரே ஒரு பத்மினி டாக்சியையாவது பாதுகாத்து வைக்க வேண்டும் என்று டாக்சி ஓட்டுநர் சங்கம் முன்னரே அரசிடம் மனு அளித்திருந்தது. அதற்குப் பலன் கிடைக்கவில்லை.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கான பதிவு விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அசல் உருவில் பராமரிக்கப்பட வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்பவை நிபந்தனைகள். புதிய பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், ‘வி.ஏ.’ என்ற சிறப்பு எழுத்துகளும் உண்டு. அடுத்த மாதம் 13-ஆம் தேதி, பழைய வாகனங்களை உடைப்பதற்கான தேசியக் கொள்கை தொடங்கி வைக்கப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை விளங்கும். பாரம்பரியம் ஆவதற்கு ஒரு கார் 50 ஆண்டு வாழ வேண்டும். டாக்சிக்கோ 20 ஆண்டுக்கு மேல் ஓட அனுமதி இல்லை. உழைத்த கார் ஒருபோதும் பாரம்பரியம் ஆக முடியாது. கொட்டகையில் போர்வை போர்த்தி நின்ற கார்தான் ஆகலாம். உருமாற்றிய பந்தயக் காருக்கும் அசல் உருவம் என்ற நிபந்தனை கதவை அடைக்கிறது. மாற்றியமைத்த கைத்திறன்தான் அதன் வரலாறு என்பதை விதி கண்டுகொள்ளவில்லை.

கேட்பது ஒன்றே

காற்று மாசு பொய்யல்ல. சுவாசிக்கத் தகுந்த காற்று டாக்சி ஓட்டுநரின் குழந்தைக்கும் வேண்டும். பழைய கார்கள் அனைத்தும் சாலையில் ஓட வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஓடுவது வேறு, காப்பது வேறு.

அமெரிக்காவில் கால் மைலில் மணிக்கு 270 மைல் வேகத்தை முதன்முதலில் தாண்டியது, டான் கார்லிட்ஸ் ஓட்டிய ‘ஸ்வாம்ப் ராட் 30’ பந்தயக் கார். மறு ஆண்டே, 1987-இல், அது தேசிய அருங்காட்சியகமான ஸ்மித்சோனியனில் இடம்பெற்றது. பட்டறையில் பிறந்த வண்டியை அந்நாடு தன் வரலாறாக ஏற்றுக்கொண்டது.

நமக்கும் இடமில்லாமல் இல்லை. சயானை அடுத்த ஆணிக் பணிமனையில் டிராம், பேருந்துகளின் வரலாற்றைச் சொல்ல பெஸ்ட் நிறுவனம் அருங்காட்சியகம் அமைத்தது. அத்தகைய ஓரிடத்தில் மீட்டர் பொருத்திய ஒரு பத்மினி டாக்சியையும், சோழவரத்தில் ஓடிய ஒரு பியட்டையும் நிறுத்துவது பெரிய செலவல்ல. குர்லாவில் அவற்றை வார்த்த கைகளுக்கும், சாலையில் ஓட்டிய கைகளுக்கும் இந்நாட்டின் வரலாற்றில் பங்குண்டு. அதை ஒப்புக்கொள்ள அரசுகளுக்கு மனம் வேண்டும்.