"மாத்திரை எதுக்குங்க?" என்று பிள்ளை கேட்டால்...

நம் வீடுகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசாத விஷயம் எது? பள்ளிக்கூடத்து மார்க்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், ஆடிப் பண்டிகைக்கு எடுக்க வேண்டிய துணி என்று எல்லாமே பேசுகிறோம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. "நீ போய் வெளையாடு சாமி, பெரியவங்க பேசறப்ப உனக்கென்ன வேலை?" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பிள்ளை விளையாடவா போகும்? கதவிலே காதை வைத்துக்கொண்டு நிற்கும். பாதி கேட்கும், மீதியை அதுவே கற்பனை செய்துகொள்ளும்.

சளி, காய்ச்சல் என்றால் ஒரு வாரத்தில் போய்விடும், பேச்சும் முடிந்துவிடும். ஆனால் வருஷக்கணக்கில், ஒருநாள் கூடத் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டிய பிள்ளைக்கு என்ன சொல்வது? எங்கள் நாமக்கல் பக்கம் இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்த கேள்வி. அதனால் எச்.ஐ.வி. கிருமியோடு வளரும் பிள்ளைகளை வைத்தே இதைச் சொல்லுகிறேன். மற்ற வியாதிக்காரக் குழந்தைகளின் தாய்மார்களுக்கும் இது பயன்படும்.

எங்கள் சீமையில் நடந்தது

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே லாரிக்குப் பேர்போன ஊர். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரி முதலாளிகள் என்று இந்தத் தொழில்தான் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வண்டியேறிப் போன ஆண்பிள்ளைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் வடநாட்டு ரோடுகளில் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் தமிழ்நாட்டிலேயே இந்நோய் அதிகம் காணப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் ஆகிவிட்டது. புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கு, அவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு என்று கிருமி வீட்டுக்குள் வந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்காமலே போனவர்கள் பலர்.

அந்த மௌனத்தை உடைத்தவர்களில் ஒருவர் நாமக்கல் பெண்தான். திருமணத்தின் மூலம் கிருமி தொற்றிய பி. கௌசல்யா, பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேச முன்வந்தார். 1998-இல் தம்மைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

2004 ஏப்ரல் முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. பிழைக்காது என்று கைவிடப்பட்ட குழந்தைகள் பிழைத்தன, பள்ளிக்கூடம் போயின. அந்நாளைய குழந்தைகளில் சிலர் இன்று கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். வைத்தியம் பார்க்காத 100 தாய்மார்களில் 15 முதல் 45 பேர் வரை தங்கள் குழந்தைக்குக் கிருமியைக் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பகாலத்திலிருந்தே மருந்து சாப்பிட்டால் இது 5-க்கும் கீழே வந்துவிடும். ஆகவே இப்போது கிருமியோடு பிறக்கும் குழந்தைகள் குறைவு. ஆனால் ஏற்கெனவே பிறந்த பிள்ளைகள் வளர்கிறார்கள் அல்லவா? வளரும் பிள்ளை கேள்வி கேட்கும்.

"சத்து மாத்திரை கண்ணு"

தகப்பனும் தாயும் போய்ச் சேர்ந்துவிட, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மாயிகளும் அப்பத்தாக்களும் எங்கள் பக்கம் உண்டு. "எனக்கு மட்டும் எதுக்குங்க அம்மாயி தெனமும் மாத்திரை?" என்று பிள்ளை கேட்டால், "அது சத்து மாத்திரை கண்ணு, நல்லாப் படிப்பு வரும்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்தப் பொய் ஏழெட்டு வயதுக்கு மேல் நிற்காது. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சத்து மாத்திரை என்றால் ஒருநாள் விட்டால் என்ன என்று பிள்ளை நினைக்கும். வாந்தி வருகிறது, கசக்கிறது என்று ஜன்னல் வழியே வீசிவிடும். இந்த நோய்க்கு அது ஆபத்து. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போய், பிறகு அதே மருந்து வேலை செய்யாது.

இரண்டாவது, நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். பங்காளிச் சண்டையில் யாராவது வாய் தவறிக் கொட்டிவிடுவார்கள். இப்போது கையிலே செல்போன் வேறு. மாத்திரை டப்பாவின் பெயரைத் தட்டிப் பார்த்தால் போதும். அப்படித் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு நோயைவிட, 'என் வீட்டார் என்னை ஏமாற்றினார்கள்' என்பதுதான் அதிகம் வலிக்கும்.

மூன்றாவது, சின்னப் பிள்ளைகள் உடம்புக்கு வந்ததைத் தங்கள் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள். "சொன்ன பேச்சுக் கேட்கலே, அதான் சாமி கண்ணைக் குத்திருச்சு" என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம்! ஒன்றும் சொல்லாமல் விட்டால், தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் இந்த மாத்திரை என்று அது மனசுக்குள்ளேயே மருகும்.

எந்த வயதில் எதைச் சொல்லலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கும் சின்னவர்களுக்குப் புரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வரவேண்டும் என்பது அதன் சாரம். ஒரேநாளில் உட்கார வைத்துக் கொட்டிவிடும் காரியம் இல்லை. நம் பாஷையில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

*ஆறு வயதுக்குள்:* நோயின் பெயர் வேண்டாம். ஆனால் பொய்யும் வேண்டாம். "நம்ம ஊர் எல்லையிலே முனியப்பன் காவல் இருக்கறாரு இல்லே? அதே மாதிரி உன் ரத்தத்திலயும் காவக்காரங்க இருக்கறாங்க. ஒரு பூச்சி அவங்களை அடிக்கப் பார்க்குது. இந்த மாத்திரை போட்டா அந்தப் பூச்சி தூங்கிரும். போடலேன்னா முழிச்சுக்கும்." இவ்வளவு போதும். "நீ தப்பு ஒண்ணும் பண்ணலே" என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

*ஆறிலிருந்து பன்னிரண்டு வரை:* பூச்சியைக் கிருமி என்று சொல்லலாம். ரத்தம் எடுத்துப் பார்ப்பது எதற்கு, மருந்தை நேரத்துக்கு ஏன் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கலாம். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அதுவே அடுத்த படிக்கு வரும். பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்று தோன்றும் சமயத்தில் எச்.ஐ.வி. என்ற பெயரைச் சொல்லிவிட வேண்டும். பரீட்சை நேரம், வீட்டில் துக்கம் நடந்த சமயம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெயரைச் சொல்லும் அன்றே, "மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே படிக்கலாம், வேலைக்குப் போகலாம், வயசாகி வாழலாம்" என்பதையும் சொல்லுங்கள். அது வெறும் ஆறுதல் இல்லை, இன்றைய வைத்தியத்தில் உண்மை.

*பன்னிரண்டுக்கு மேல்:* இது எப்படிப் பரவுகிறது என்று தெரியவேண்டிய வயது. கூச்சமாகத்தான் இருக்கும். நமக்கு வாய் வராவிட்டால் ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் அழைத்துப் போகலாம். மருந்தால் கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே இருந்துவந்தால், உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது என்பதையும் இந்த வயதில் சொல்லவேண்டும். 'நமக்குக் கல்யாணமே கிடையாதோ' என்று தனியே அழுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்!

ஒன்று மட்டும் கூடாது. "உங்கப்பன் பண்ணின பாவம், நீ சுமக்கறே" என்று கோபத்தில் கூடச் சொல்லாதீர்கள். செத்துப்போன தகப்பனானாலும் பிள்ளைக்கு அவன் தகப்பன்தான். "அப்போ இதைப் பத்தி யாருக்கும் தெரியாது கண்ணு, மருந்தும் கிடைக்கலே" என்றால் அது உண்மையும் ஆயிற்று, பிள்ளை மனசும் நோகாது.

வெளியே யாரிடம் சொல்வது?

பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் ஊரெல்லாம் சொல்லிவிடுமே என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. நியாயமான பயம்தான். 'இது வெட்கம், மறைச்சு வை' என்பது வேறு. 'இது நம்ம வீட்டு விஷயம், யாருக்குச் சொல்லணும்னு நாமதான் முடிவு பண்ணணும்' என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லிப் பழக்குங்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எனக்கு ரத்தத்திலே கொஞ்சம் குறை, டாக்டர் மாத்திரை குடுத்திருக்கறாரு" என்று சொல்லச் சொல்லலாம்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, கிருமி இருப்பதைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் இடம் மறுக்கக்கூடாது, ஆஸ்பத்திரியிலும் வேலையிலும் ஒதுக்கக்கூடாது. அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இந்நோய் தாக்கிய குடும்பத்தில், போதிய விவரம் தெரிந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை 12 வயது நிறைந்திருந்தால், தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக நின்று பள்ளியில் சேர்க்கலாம், வைத்தியம் பார்க்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பு தாங்கும் என்று சட்டமே நம்புகிறது. நாம் உண்மையைச் சொன்னால் தாங்காது என்று நினைக்கலாமா?

நோயில்லாத பிள்ளைகளின் தாய்மார்களுக்கு

பாதி வேலை நம் கையில் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கோ இப்படி என்று கேள்விப்பட்டதும், "அவன்கூட உக்காராதே, அவன் குடுக்கறதைத் தின்னாதே" என்று நாம் சொல்லி அனுப்புகிற ஒரு வார்த்தை போதும்; மறுநாள் அந்தப் பிள்ளை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும். தொட்டால், கூட விளையாடினால், ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு ஆகிய வழிகளில்தான் வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். யாருடைய ரத்தத்தையும் வெறுங்கையால் தொடக்கூடாது, அடிபட்டால் டீச்சரைக் கூப்பிட வேண்டும் என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோய்ப் பிள்ளை, வலிப்பு வரும் பிள்ளை, ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிடும் பிள்ளை எல்லாருக்கும் இதே முறைதான். புரிகிற வார்த்தையில் உண்மை, 'உன் தப்பில்லை' என்ற உறுதி, மருந்தை விட்டால் என்ன ஆகும் என்ற விளக்கம். வலிப்பென்றால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும் என்று கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் பயமில்லாத இடம் ஆகிவிடும்.

எப்படி ஆரம்பிப்பது என்று திகைப்பவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரத்தை வெளியே விடமாட்டார்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பேச்சைத் தொடங்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ராத்திரி மாத்திரையும் தண்ணீருமாகப் பிள்ளை பக்கத்தில் உட்காருகிறீர்களே, அந்த நேரமே போதும்.