பொதிசோறு தந்தவர் யார்?



‘நன்றி’ என்னும் சொல்லை இன்று நாம் ஓர் உபசார மொழியாகவே வழங்கி வருகின்றோம். பழந்தமிழில் இச்சொல்லுக்கு நன்மை என்பதே பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றியறிதல்’ எனப் பெயர் பெற்றது. பிறர் செய்த நன்மையை அறிதல் என்பது அதன் பொருளாகும். நன்றி ‘சொல்லுதல்’ என்னாது, ‘அறிதல்’ என்று அமைந்திருப்பது எண்ணத்தக்கது. வாயால் சொல்வது எளிது. வந்த நன்மையை நன்மையென்று உள்ளம் உணர்வதே அரிது. நாம் முன்னர் ஏதும் செய்யாதிருக்கப் பிறர் வலிய வந்து செய்யும் உதவியையே வள்ளுவர் அவ்வதிகாரத்தின் முதற்கண் வைத்துப் போற்றினார்.

இத்தகைய உதவியின் உருவில் இறையருளே வந்து நிற்கும் என்பதைத் திருநாவுக்கரசர் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் அருளிய செய்தி இது.

முதுமையுற்ற நாவுக்கரசர், திருப்பராய்த்துறையை வணங்கிக் காவிரியைக் கடந்து திருப்பைஞ்ஞீலி நோக்கி நடந்தார். வழியில் பசியும் தாகமும் அவரை வாட்டின. ஆயினும் மனம் தளராது, எவரிடமும் ஏதும் வேண்டாது நடந்தார். சிவபெருமான் அவர் செல்லும் வழியில் ஒரு சோலையும் குளமும் உண்டாக்கி, திருநீறு அணிந்த அந்தணராய்க் கையில் பொதிசோற்றுடன் காத்திருந்தார். “மிகவும் இளைத்திருக்கின்றீர், இச்சோற்றை உண்டு, இக்குளத்து நீரைப் பருகி இளைப்பாறிச் செல்லும்” என்றார். நாவுக்கரசரும் மறாது ஏற்று உண்டார். பின்னர், “நானும் அவ்வூருக்கே செல்கின்றேன்” என்று கூறி அந்தணர் உடன் நடந்தார். திருப்பைஞ்ஞீலியை நெருங்கிய அளவில் அவரைக் காணவில்லை. சோறு தந்தவர் இன்னார் என்பதை அப்போதே அறிந்த நாவுக்கரசர், நிலத்தில் வீழ்ந்து கண்ணீர் பெருக்கினார்.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அத்தலத்தில் இறைவன் ஞீலிவனேசுவரர் எனப் போற்றப்படுகின்றார். ஞீலி என்பது ஒருவகை வாழை. அதனால் ஊருக்கும் அப்பெயர் அமைந்தது. அடியவருக்கு அமுதளித்த பெருமான் அங்கே சோற்றுடை ஈசுவரர் என்னும் திருப்பெயரோடும் விளங்குகின்றார்.

உண்ணும்போது தெரியவில்லை, உடன் நடக்கும்போதும் தெரியவில்லை, மறைந்த பின்னரே தெரிந்தது. நாவுக்கரசருக்கே இவ்வாறு எனின், நம்மனோர் நிலை யாது?

அடியேன் வாழ்விலும் ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டு, தமிழ்த் தேர்வு எழுதப் பேருந்தில் சென்றபோது பணப்பையைத் தொலைத்துவிட்டேன். பாதி வழியில் இறங்க நேர்ந்தது. உச்சி வெயிலில் செய்வதறியாது நின்றேன். புளியமரத்தடியில் நீர்மோர் விற்ற மூதாட்டி ஒருவர் என்னை அழைத்து, ஒரு செம்பு மோர் கொடுத்தார். விவரம் அறிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேருந்துக் கட்டணத்துக்குரிய காசையும் என் கையில் வைத்தார். “திரும்பி வந்து தருகிறேன் ஆயா” என்றேன். “அதுக்கென்ன தம்பி, நல்லா எழுதிட்டு வா” என்றார்.

தேர்வில் தேறினேன், பணியும் கிடைத்தது. நாளை போவோம், அடுத்த மாதம் போவோம் என்றிருந்து, ஈராண்டு கழித்தே அவ்விடம் சென்றேன். மரம் இருந்தது, ஆயா இல்லை. எங்கே சென்றார் என்று சொல்வாரும் இல்லை. அவர் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் எங்கள் ஊர்த் தண்ணீர்ப்பந்தலில் நின்று நீர்மோர் வழங்கி வருகின்றேன். ஆயினும் அக்கடன் தீர்ந்ததாக ஒருநாளும் எண்ணியதில்லை.

தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் 2002ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகின்றது. அங்கே இலையில் சோறிடுபவரின் முகத்தை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கின்றோம்? கூட்டத்தில் முதியவருக்கு வழிவிடுபவர், படியில் தடுமாறுவோரைத் தாங்குபவர் ஆகியோரும் நமக்குப் பொதிசோறு தருபவரே.

சுவாமி தரிசனம் முடிந்து பிராகாரத்தில் சற்றே அமர்வது நம் வழக்கம். இன்று அவ்வாறு அமரும்போது, கேளாமல் உங்களுக்கு உதவிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் இன்னும் காணக்கூடிய தொலைவில் இருப்பின், நாள் கடத்தாது சென்று காணுங்கள். இல்லையெனில், அவர் செய்ததை வேறொருவருக்குச் செய்யுங்கள். ஞீலிவனத்து இறைவன் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.