பட்டறைக்குள் நுழையும் கறள்

மாரி தொடங்கிய ஒரு காலைப் பொழுது. வீட்டின் பின்புறத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள் வரை பளபளத்த வாள் மெஷினின் மேசை முழுவதும் செம்மஞ்சள் படலம். "தவணைக் காசு இன்னும் கட்டி முடியல்ல தங்கச்சி, அதுக்குள்ள கறள் பிடிச்சிட்டுதே" என்று அந்த வீட்டு ராத்தா கலங்கினார்.

மழைத் தண்ணீர் ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. பிறகு கறள் எப்படி வந்தது?

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினால் அதன் வேகம் கூடும். நமது கடலோர ஊர்களில் பெரும்பாலான நாட்களில் அது 70க்கு மேல்தான். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் குளிர்ந்த கனத்த வார்ப்பிரும்பு, காலையில் காற்றைப் போல் விரைவாகச் சூடேறாது. அதனால் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கிறது. மேலே கிடக்கும் மரத்தூள் அந்த ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்துக்கொள்ளும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையல்ல. சொரசொரப்பான மேசையில் பலகை வழுக்கிச் செல்லாது. பலத்தோடு தள்ளும்போது கை வாளருகே போய்விடலாம். துவர்ப்புச் சத்துள்ள ஈரப் பலகையில் இரும்புக் கறள் பட்டால் நீலங்கலந்த கறுப்புக் கறை விழும். அந்தத் தளபாடத்தை யார் வாங்குவார்?

செய்ய வேண்டியவை இவைதாம்:

வேலை முடிந்ததும் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு மரத்தூளைத் துடையுங்கள். வியர்வையிலும் உப்பு இருப்பதால், கை பட்ட இடங்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

புதிய கறளாயின் மண்ணெண்ணெய் தொட்டு, நயமான எமரித் தாளால் ஒரே திசையில் தேயுங்கள். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, சாதாரண மெழுகுதிரியை மேசை முழுவதும் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் மினுக்குங்கள். ஈரம் அண்டாது, பலகையும் வழுக்கும். மெழுகு தேய்ந்ததும் மீண்டும் பூச வேண்டும்.

உளி, சீவுளி அலகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துத் தூளைப் பிடிக்கும். சிலிக்கன் கலந்த கார் பொலிஷும் வேண்டாம். அது பலகையில் ஒட்டினால் வார்னிஷ் சீராகப் பரவாது.

பொலித்தீனால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே ஈரம் தேங்கும். பழைய பருத்திச் சாறனால் மூடினால் காற்றும் போய்வரும். ஈர மரத்தை மெஷின் மேல் அடுக்காதீர்கள்.

மண்ணெண்ணெய்த் துணியை அடுப்பருகே போடவேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவிடுங்கள்.

அன்று அந்த ராத்தாவும் நானும் ஒரு மெழுகுதிரியோடு மேசையைத் தேய்த்து முடித்தோம். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டுத் தையல் மெஷினின் இரும்புத் தட்டையும் இன்றைக்கு ஒருமுறை பாருங்களேன், சகோதரிகளே!