வழக்கறிஞர்களின் விவாத மேடையும் தலித் கிறிஸ்தவரின் வழக்கும்



நமது அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் முயற்சியால் 1979 முதல் அந்நாள் சட்ட நாளாகவும், 2015 முதல் அரசியலமைப்பு நாளாகவும் நினைவுகூரப்படுகிறது. அதையொட்டி ஊர்தோறும் வழக்கறிஞர் சங்கங்கள் கருத்தரங்குகளும் விவாதங்களும் நடத்துகின்றன. கறுப்பு அங்கிக்காரர்களின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. (வெள்ளை அங்கிக்காரர்களும்தான்.)

ஆனால் அங்கே வாதிடப்பட வேண்டிய கேள்வி ஒன்று நம் பங்குகளில் வாழ்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. தமிழகத்தில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இந்த ஆணையை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தவர் சூசை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. சாதி இருந்தால் மட்டும் போதாது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம். ஆதாரம் இல்லையாம்! நம் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர் யாரும் சாட்சி சொல்லப் போகவில்லை போலும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும். 'தீண்டாமை இந்து சமூக அமைப்பில் பிறந்தது. உங்கள் சமயத்தில் சாதி இல்லை என்று போதித்துவிட்டு, சாதியின் பெயரால் உரிமை கேட்கலாமா? இருக்கும் பங்கும் குறைந்துவிடாதா?' என்பார்கள். சமத்துவம் பேசும் 14, 15-ஆம் பிரிவுகளையும், சமயச் சுதந்திரம் பேசும் 25-ஆம் பிரிவையும் எடுத்து நம் பக்கத்து வழக்கறிஞர் பதில் சொல்லலாம். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் நம்மிடம்தான் இருக்கிறது. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டு என்று இந்திய ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. மானம் போகுமே என்று அதை நாம் மறைத்தால், சூசை தோற்ற இடத்திலேயே மறுபடியும் தோற்போம்.

பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைக்கக் கூடாது என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இத்தகைய கூட்டங்களில் கடைசியில் பார்வையாளர்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவது வழக்கம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊரிலிருந்து வருகிறவர் எழுந்து அதைச் சொல்லட்டும். அது எந்த ஆண்டு, யார் பணத்தில் கட்டப்பட்டது என்பதையும் கேட்டறிந்து வந்து சொல்லட்டும்.