அனுப்பிட்டேன் சித்தி!

இரவு பதினொன்றரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. "சித்தி, பெரிய தப்பு பண்ணிட்டேன். அனுப்பிட்டேன். இப்ப எடுக்க முடியல" என்றாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போனேன்.

விஷயம் இதுதான். கோவையில் பம்ப்செட் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு மெயிலில் விண்ணப்பித்திருக்கிறாள். முந்தின வாரம் சென்னையில் வேறொரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தையே எடுத்து, தேதியை மாற்றி, பதவியின் பெயரை மாற்றி அனுப்பிவிட்டாள். இரண்டாவது பத்தியில் இருந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் கண்ணில் படவில்லை. 'உங்களிடம் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு' என்ற வரியில் சென்னை நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது.

"காலையில படிச்சுட்டுச் சிரிப்பாங்க. இனிமே அங்க என் பேரையே எடுக்க மாட்டாங்க சித்தி."

சில ஆண்டுகள் ஒரு சிறிய பதிப்பகத்தில் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பது என் பொறுப்பாக இருந்தது. அந்த அனுபவத்தில் அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தப்பான மெயிலைப் பார்த்து நான் ஒதுக்கியவர்கள் குறைவு. அடுத்து அவர்கள் என்ன எழுதினார்கள், அல்லது எழுதாமலே விட்டார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுத்ததுதான் அதிகம்.

போன மெயிலைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை முதலில் மனம் ஏற்க வேண்டும். தபாலில் சேர்த்த கடிதத்தைக்கூட, பட்டுவாடா ஆகும் முன் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டித் திரும்பப் பெற இந்திய அஞ்சல் விதிகளில் இடம் இருந்தது. மெயிலுக்கு அந்த வழி இல்லை. மெயில்கள் போய்வரும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணம்தான் அதற்கு அடித்தளம். அனுப்பும் கணினி கடிதத்தைக் கொடுத்ததும், வாங்கும் கணினி '250' என்ற எண்ணைப் பதிலாகச் சொல்லும். பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். 'திருப்பிக் கொடு' என்று கேட்க அந்த முறையில் கட்டளையே கிடையாது.

ஜிமெயிலில் 'அன்டூ' இருக்கிறதே என்பீர்கள். அது போன மெயிலை இழுத்து வருவதில்லை. நாம் 'சென்ட்' அழுத்திய பிறகும் சில விநாடி மெயிலை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. 2009-ல் சோதனையாக வந்து, 2015-ல் எல்லோருக்குமான வசதியானது. நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 விநாடிதான். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குப் போய் 30 விநாடியாகக் கூட்டிக்கொள்ளலாம். வேலை தேடுகிறவர்கள் இன்றே இதைச் செய்துவையுங்கள்; தப்பு கண்ணில் படுவது பெரும்பாலும் அனுப்பிய மறு நொடியில்தான். அவுட்லுக்கில் இருக்கும் 'ரீகால்' ஒரே நிறுவனத்தின் கணக்குகளுக்குள் மட்டும் வேலை செய்யும். வெளியே போன மெயிலுக்கு அதை அழுத்தினால், 'இவர் தன் மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று இன்னொரு மெயில் அங்கே போய்ச் சேரலாம். அப்படிச் சேர்ந்தால், கவனிக்காமல் விட்டவரும் முதல் மெயிலைத் தேடி எடுத்துப் படிப்பார்.

ஆகவே மிஞ்சுவது இரண்டாவது மெயில். அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டு, காலையில் இன்னொரு முறை படித்துவிட்டு, அலுவலகம் திறக்கும் முன் அனுப்பச் சொன்னேன். பதற்றத்தோடு இரவிலேயே அனுப்பினால் அதிலும் ஒரு பிழை இருக்கும். பிறகு மூன்றாவது மெயில் போகும். அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

அவள் முதலில் எழுதிக் காட்டியது ஒரு பக்கத்துக்கு இருந்தது. காய்ச்சல், கரன்ட் இல்லாதது, ஒரே நாளில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் அவர்களுக்குத் தேவையில்லை. எடுக்க எடுக்க, கடைசியில் நான்கு வாக்கியம் நின்றது. 'நேற்றிரவு அனுப்பிய என் விண்ணப்பத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றுவிட்டது. தவறு என்னுடையது, வருந்துகிறேன். திருத்திய கடிதத்தையும் ரெஸ்யூமையும் இணைத்துள்ளேன். இவற்றையே என் விண்ணப்பமாகக் கொள்ள வேண்டுகிறேன்.' பழைய மெயிலுக்குக் கீழேயே எழுதாமல் புதிய மெயிலாக, பொருள் வரியில் பழைய தலைப்போடு 'திருத்திய பிரதி' என்று சேர்த்து அனுப்பினாள்.

அதோடு வேலை முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கனவு வரியை மறுபடி படித்தேன். யார் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி அது. தப்பு அங்கேதான் தொடங்கியிருக்கிறது. "கோயம்புத்தூர் கம்பெனிக்கு ஏன்டி போகணும்னு நினைச்ச?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தா கிணத்துல ஓடுறது அவங்க மோட்டார்தான் சித்தி. நான் பொறந்ததுல இருந்து அந்தச் சத்தம் கேக்குறேன்" என்றாள். அதை எழுதச் சொன்னேன். அந்த வரியை இன்னொரு நிறுவனத்துக்கு அப்படியே அனுப்ப முடியாது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யாதீர்கள். 'என் அக்கவுண்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்', 'தம்பி தெரியாமல் அனுப்பிவிட்டான்' என்று எழுதி எனக்கும் மெயில்கள் வந்திருக்கின்றன. பெயர் மாறியது கவனக்குறைவு, அதை மறக்கலாம். பொய்யை மறக்க முடியவில்லை. அப்படி எழுதிய இருவரையும் நான் கூப்பிடவில்லை, அதற்காக இன்றுவரை வருந்தவுமில்லை.

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. ஓர் எழுத்துப் பிழை, ஒரு காற்புள்ளி என்றால் விட்டுவிடுங்கள். மன்னிப்புக் கேட்டால்தான் அது பெரிதாகும். ரெஸ்யூமை இணைக்க மறந்திருந்தால் ஒரு வரியோடு அனுப்பினால் போதும். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல் தவறான முகவரிக்குப் போயிருந்தால் அதை அழித்துவிடும்படி உடனே கேட்க வேண்டும். நேர்காணல் செய்தவரைப் பற்றித் தோழிக்கு எழுதிய கடுஞ்சொல் அவருக்கே போய்விட்டதென்றால், அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அந்த வேலை அநேகமாகக் கிடைக்காது. இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி, நேராக மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். புண்பட்டவர் ஒரு மனிதர். வேலை போனாலும் அந்தக் கடன் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியபோது அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதினோம். அலுவலகக் கடிதங்களில் அடியில் 'இணைப்பு' என்று போட்டு, என்னென்ன தாள்கள் என்று எண்ணிட்டிருப்பார்கள். உறையில் போடும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தாள்களைச் சேர்ப்பார்கள். மெயிலுக்கு வந்ததும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். அதை மீட்டெடுக்கலாம். முதலில் கோப்பை இணைத்து, அதைத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு கடிதம் எழுதி, கடைசியில் பெறுநர் முகவரியைப் போடுங்கள். முகவரி இல்லாத மெயில் கை தவறினாலும் எங்கும் போகாது.

பிழை வரும் என்பதை ஏற்றுக்கொண்டு இடம் விட்டவர்களும் இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. இணைய விண்ணப்பங்களில், கடைசித் தேதிக்குப் பிறகு திருத்திக்கொள்வதற்கென்றே சில நாட்களை ஒதுக்குகிறது. தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் தவறுகிறவர்களே. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இடம் மறுக்கப்பட்ட சுமார் 28,000 மாணவர்களுக்கு வரவேற்பு மெயில் அனுப்பிவிட்டது. 2012 ஏப்ரலில் லண்டனின் அவிவா இன்வெஸ்டர்ஸ், ஒரே ஒருவருக்குப் போக வேண்டிய பணிநீக்க மெயிலைத் தன் ஊழியர்கள் 1,300 பேருக்கும் அனுப்பியது. இரண்டு இடத்திலும் அடுத்த மெயில் மன்னிப்புக் கேட்டுத்தான் போனது. இவ்வளவு பெரிய நிறுவனங்களின் பிழையை உலகம் பொறுத்துக்கொண்டது என்றால், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பிழையையும் பொறுக்கலாம்.

கோவையிலிருந்து இரண்டாம் நாள் ஒற்றை வரி வந்தது: 'திருத்திய பிரதியைச் சேர்த்துக்கொண்டோம்.' நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் அந்த வரி வந்த அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள் என்று அக்கா சொன்னாள்.

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பு திறக்கவில்லை என்றாலோ, தவறான கோப்பு வந்திருந்தாலோ, திருத்திய விண்ணப்பம் வந்து சேர்ந்தாலோ, அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள்.