கீழ்ப்படிதலும் கனம்பண்ணுதலும்

மலைநாட்டு இருப்புப்பாதையில், தெமோதரையைக் கடந்து, முடிவிடமாகிய பதுளையை அடையுமுன் வருவது ஹாலிஎல என்னும் சிறு நிலையம். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய அந்தப் பாதை, தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கென்றே மலையேறி வந்தது. பின்வந்த தலைமுறைகளில் அது தோட்டத்துப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றது. கொழும்பில் கடை வேலைக்கென ஒரு பையைக் கையில் பிடித்தபடி நிற்கும் மகன். அவன் அருகில் வாய் திறவாது நிற்கும் தாய். வழியனுப்ப வராமல் லயத்திலேயே தங்கிவிட்ட தகப்பன். உவா மலைகளில் இக்காட்சியை அறியாதவர் அரியர்.

மகன் போவது குற்றமா? தாய் தடுப்பது குற்றமா? கிறிஸ்தவக் குடும்பத்தில் இக்கேள்வி எழும்போது, தாய் தகப்பனைப் பற்றிய கட்டளையே முதலில் நினைவுக்கு வரும். கத்தோலிக்கர் நான்காவது என்றும், சீர்திருத்தச் சபையார் ஐந்தாவது என்றும் எண்ணும் கட்டளை அது. தோட்டப்புறத் தமிழரிடையே பணியாற்ற 1854இல் தொடங்கப்பெற்ற ‘தமிழ்க் கூலி மிஷன்’ காலத்திலிருந்து, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமான பின்னரும், ஞாயிறு வகுப்புகளில் பிள்ளைகள் மனனஞ்செய்து வரும் கட்டளையும் அதுவே. ஆயின் அது கூறுவது யாது என்பதைச் சற்று நிதானித்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழ் வேதாகமத்தில் இரு சொற்கள் வருகின்றன. ஒன்று கீழ்ப்படிதல், மற்றொன்று கனம்பண்ணுதல். பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொல்கிறார். சீனாய் மலையில் அருளப்பட்ட கட்டளையோ கனம்பண்ணச் சொல்கிறது. கீழ்ப்படிதல் வளரும் பருவத்துக்கு உரியது. தாயின் கைப்பிடித்து நடக்கும் குழந்தைக்கு அதுவே பாதுகாப்பு. கனம்பண்ணுதலுக்கு வயதெல்லை இல்லை. நாற்பது வயது மகனும் எண்பது வயதுத் தாயைக் கனம்பண்ணக் கடமைப்பட்டவன். ஆனால் எங்கே வேலை செய்வது, யாரை மணப்பது என்பவற்றில் அவன் சிறுபிள்ளையல்லன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பல வீடுகளில் கண்ணீர் பெருகுகிறது.

ஆதியாகமத்திலே திருமணத்தைப் பற்றிய பகுதி இதனை மேலும் தெளிவாக்குகிறது. நம் வழக்கில் பிறந்த வீட்டைவிட்டுப் போகின்றவள் பெண். வேதமோ தாய் தகப்பனை விட்டுப் பிரிய வேண்டியவனாக ஆணைக் குறிப்பிடுகிறது. மருமகள் மாமியார் வீட்டில் ஒடுங்கி வாழ்வது மட்டும் போதாது. மகனும் தன் மனத்தளவில் ஒரு புதிய குடும்பத்தின் தலைவாசலைக் கடந்தாக வேண்டும் என்பது இதன் கருத்து.

பவுல் அந்த நிருபத்தை எழுதிய காலத்து உரோமச் சட்டத்தையும் நோக்குவோம். தகப்பன் உயிரோடிருக்கும் வரையில், வளர்ந்து மணம் முடித்த மகனும் அவன் அதிகாரத்துக்கு உட்பட்டவனே. மகன் ஈட்டிய பொருளும் சட்டப்படி தகப்பனுக்கே உரியது. அத்தகைய உலகிலேதான் பவுல், பிள்ளைகளைக் கோபமூட்ட வேண்டாமென்று தகப்பன்மாருக்கும் கட்டளையிட்டார். கணவன் மனைவியரைப் பற்றிப் பேசுமுன், ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்னும் பொருளில் தொடங்கினார். கடமை கீழிருந்து மேலே மட்டும் செல்வதன்று. மேலிருந்து கீழும் வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். இங்கே பெற்றோரின் பிடி அன்பினால் மட்டும் இறுகியதன்று. கங்காணி முறை நிலவிய காலத்தில், கடன் குறித்த ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் லயக் காம்பரா தோட்டத்துக்கே சொந்தமாயிருந்தது. அதில் குடியிருப்பது தோட்ட வேலையோடு பிணைந்திருந்தது. ஆகவே பிள்ளை வளர்ந்ததும் ‘பேர் பதிதல்’ குடும்பத்தின் கூரையைக் காக்கும் செயலாயிற்று. மகன் புறப்பட்டுவிட்டால் ஒரு சம்பளம் மட்டுமா குறையும்? இருந்த இடமே போய்விடுமோ என்ற அச்சமும் தாயின் மௌனத்துள் அடங்கியிருந்தது. மகளின் நிலை இன்னும் கடினம். விடியலில் பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்தெடுத்து வந்தவளின் சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ பெற்றுக்கொள்வது பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது.

பிரிவு சில வேளைகளில் அரசுகளின் கையாலும் நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தாய் தகப்பனுக்கு ஒரு நாடு, மணமான மகளுக்கு மற்றொரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னாரில் கப்பலேறிய பெற்றோரை மீண்டும் காணாத பிள்ளைகளுக்கு, கனம்பண்ணுதல் என்பது ஒரு கடிதமும் ஒரு ஜெபமுமாகவே சுருங்கிற்று.

சுதந்திரத்தின் பெயரால் கடமையைக் கைவிடலாமா என்றால், அதற்கும் வேதம் இடங்கொடுக்கவில்லை. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துரைத்ததை மாற்கு எழுதியுள்ளார். காணிக்கையே சாக்காக மாட்டாதெனில், தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் எவ்வாறு சாக்காகும்? கானா ஊர்த் திருமணத்தில், தம் வேளையைத் தாமே அறிவதாகத் தாயிடம் கூறிய அதே இயேசு, சிலுவையில் தொங்கியபோது அத்தாயைச் சீடன் ஒருவனிடம் ஒப்படைத்தார். தன் வழியில் நடத்தலும் தாயைத் தாங்குதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

திருச்சபை வரலாற்றில் இதற்கொரு சான்று உண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன், 383ஆம் ஆண்டில், தம்மைப் பிரிய மனமில்லாத தாய் மோனிக்காவை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாகக் கார்த்தேஜ் துறைமுகத்தினின்று உரோமைக்குக் கப்பலேறினார். தாய் பின்தொடர்ந்து மிலான் நகருக்குச் சென்றார். 387இல் மகன் திருமுழுக்குப் பெறுவதைக் கண்டார். அவ்வாண்டிலேயே ஓஸ்தியாவில் உயிர் நீத்தார். போனதன்று, பொய் சொல்லிப் போனதே அகுஸ்தீனின் மனத்தைப் பின்னாளில் உறுத்தியது.

நாட்டின் சட்டமும் இவ்விரு பக்கங்களையும் ஏற்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் பராய வயதை 18 ஆக்கியது. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என விதிக்கின்றது. முன்னது போகும் உரிமை. பின்னது மறவாமைக் கடமை.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கது, தடுப்பதன்று, கேட்பது: எங்கே தங்குவாய், யாரோடு இருப்பாய், திரும்பி எப்போது வருவாய் என்று கேட்பது. பிள்ளைகள் செய்யத்தக்கது, மறைக்காமல் சொல்வதும், சிறுதொகையாயினும் மாதந்தவறாமல் அனுப்புவதும், தாயின் நோய்ச்செய்தி வந்தபின் அல்லாமல் அதற்கு முன்னரே ஒருமுறை வந்து பார்ப்பதும் ஆகும்.

கெட்டகுமாரன் உவமையில் தகப்பன் மகனைக் கட்டிப்போடவில்லை. கேட்ட பங்கைக் கொடுத்தனுப்பினான். ஆனால் மகன் திரும்பிவருகையில், அவன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கண்டுகொண்டான். வழியனுப்ப வராத தகப்பனும் ஒரு நாள் ஹாலிஎல நிலையத்துக்கு இறங்கி வரலாம்; இறங்கிவரும் முகத்தைத் தூரத்திலேயே அடையாளங் காணலாம்.